நித்திரைக்குச் சான்றிதழ் வாங்கியவள்

குழந்தைகளின் நித்திரை பற்றிய செயலமர்வு ஒன்றில் நான் நித்திரை கொண்டிருக்கிறேன். தலையைச் சற்றே சாய்த்து, ஆழ்ந்து யோசிப்பது போலப் பாவனை செய்யும் கௌரவமான நித்திரை அல்ல. வாய் திறந்து, பக்கத்தில் இருந்தவளின் தோளில் எச்சில் வடியக் கொண்ட நித்திரை. கைதட்டல் கேட்டு விழித்தேன். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். செயலமர்வு முடிந்து சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. சிசுக்களின் நித்திரையை ஒழுங்குபடுத்துவதில் நான் பயிற்சி பெற்றவள் என்று மூன்று மொழிகளில் அதில் அச்சடித்திருந்தது.

காலையில் சொன்னதெல்லாம் கேட்டேன். மத்தியானம் கோழிக்கறியோடு சோற்றுப் பார்சல் தந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த பகுதியின் தலைப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது: ‘சுகவீனத்தின்போது.’

தங்கச்சிமாரே, குடும்பநல உத்தியோகத்தர் என்ற நீளமான பெயரோடு இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சனங்கள் உங்களை மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். கர்ப்பிணியை எப்படிப் பதிவது, தடுப்பூசி எப்போது போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அந்தப் பாடங்களை நடத்த வரவில்லை. ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு ‘உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்’ என்று கேட்டால், அவள் தன் வெற்றிகளைச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பார்கள். என் பெரிய வெற்றியைத்தான் சொல்லப் போகிறேன். அதில் ஒரு பிள்ளை சாகக் கிடந்தான்.

சுனாமியாகக் கடல் வந்துபோன அடுத்த வருடம் அது. அந்த வருடத்தில் மட்டக்களப்பில் செயலமர்வு இல்லாத நாள் இல்லை. கை கழுவ ஒரு செயலமர்வு, கவலையைச் சொல்ல ஒரு செயலமர்வு, கவலையைக் கேட்பவர்கள் கவலைப்படாமல் இருக்க இன்னொரு செயலமர்வு. வாவிக்கரை விடுதிகளில் மண்டபம் கிடைக்காமல் நிறுவனக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். எங்களுடையதை நடத்தியவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஆலோசகர், உயரமான பெண்மணி. மிக மென்மையான குரல். அந்தக் குரலில் சொன்னதை ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைவிட மென்மையாகத் திருப்பிச் சொன்னார். நான் நித்திரையானதில் என் பங்கு பாதிதான்.

அவர் சொன்னது இது. பிள்ளையை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுக்க வைக்க வேண்டும். அறை அமைதியாக, இருட்டாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விழித்திருக்கும்போதே கிடத்திவிட வேண்டும். ஆட்டக்கூடாது. அழுதால் உடனே தூக்கக்கூடாது. பால் நேரத்துக்கு. கூரை வளையில் சேலையைக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அந்த ஏணை, அது கூடவே கூடாது.

பிழையான புத்திமதி என்று நான் சொல்லவில்லை. சுகமான பிள்ளை, தனி அறை, கதவு, மின்விசிறி, இவ்வளவும் இருக்கும் வீட்டில் அது வேலை செய்யக்கூடும். எனக்குக் கிடைத்ததோ நாவற்குடாவில் ஒரு விளையாட்டு மைதானம். அதில் கடலால் வீடிழந்தவர்களின் முகாம், வரிசை வரிசையாகத் தகரக் கொட்டில்கள். வெயிலில் உள்ளே மாவை வைத்தால் பாணாக வெந்துவிடும். மழையில் தகரத்துக்குக் கீழே இருப்பவர்கள் சைகையில்தான் பேசலாம். நடுவில் நிவாரண அறிவித்தலுக்கு ஓர் ஒலிபெருக்கி; அரிசி வந்தாலும் அலறும், வராவிட்டாலும் அலறும். இந்த இடத்தில்தான் கொட்டில் கொட்டிலாகப் போய், அமைதியான, இருட்டான, குளிர்ச்சியான அறை என்று எழுதி, தாய் பிள்ளையைத் தட்டும் படமும் போட்டிருந்த நிறுவனத்தின் அட்டவணையை ஒட்டினேன். ஒரு கொட்டிலில் ஒட்டச் சுவர் இருக்கவில்லை. மறைப்பாகக் கட்டியிருந்த தறப்பாள் சீலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டேன்.

வாசிப்புப் பழக்கம் உள்ளவள் என்று எனக்கு ஒரு தலைக்கனமும் இருந்தது. நான் வாசித்த நாவல்களில் பிள்ளைகள் ஓர் அத்தியாயத்தில் பிறந்து அடுத்த அத்தியாயத்தில் பள்ளிக்கூடம் போவார்கள். இடையில் அவர்களை நித்திரையாக்கியது யார் என்று எந்த எழுத்தாளரும் எழுதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்தவள் நான் என்று நினைத்தேன். என் சொந்த மகன் பள்ளிக்கூடம் போகும் வயது வரை என் சேலைத் தலைப்பைச் சூப்பிக்கொண்டுதான் நித்திரை கொண்டான் என்ற தகவலை முகாமில் எந்தத் தாயிடமும் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு சிவப்புக் குடை இருந்தது. மைதானத்து வாசலில் நான் திரும்பும்போதே கடைசிக் கொட்டில் வரை தெரியும். சனங்களுக்கு ஆயத்தமாவதற்கு வசதியாக இருக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சுகந்தி இருந்தது நடுவரிசையில். ஆரையம்பதிப் பக்கம் கடற்கரையில் குடியிருந்த மீன்பிடிக் குடும்பம். மூத்த பெண்பிள்ளையைக் கடல் கொண்டுபோனது அவள் கையிலிருந்துதான். அப்போது வயிற்றில் இருந்தவன்தான் இப்போது மடியில் இருந்தான். மடியில் என்று சும்மா சொல்லவில்லை. சமைக்கும்போது மடியில். வரிசையில் நிற்கும்போது இடுப்பில். அவள் அவனைக் கீழே விட்டு நான் காணவில்லை. இதை ஒரு பழக்கக் கோளாறு என்று நான் கண்டுபிடித்தேன்.

“சுகந்தி, புள்ளையப் பாயில கிடத்து. நெடுக மடியில வெச்சிருந்தா அதே பழக்கமாப் போயிரும்.”

“பழகட்டும் மிசி. என்ட மடிதானே.”

அடுத்த கொட்டில் கண்மணி மீன் விற்பவள். அவள் குரலுக்குப் தகரச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. “மடியில மிசிக்கு என்ன கா கோவம்? மிசி மடியில கிடக்காமயா வளந்த?”

“அட்டவணையப் பாத்தீங்களா இல்லையா?” என்றேன் அதிகாரமாக.

“பாத்தம், பாத்தம். வடிவா இரிக்கி. அதில புள்ள கட்டில்ல படுத்திரிக்கி. எங்களுக்குக் கட்டில் எப்ப மிசி தருவாங்க?”

இப்படியான கேள்விகளை நான் எதிர்ப்பு என்று வகைப்படுத்தினேன். எதிர்ப்பை விடாமுயற்சியால் வெல்ல வேண்டும் என்று செயலமர்வில் நான் விழித்திருந்த பகுதியில் சொல்லியிருந்தார்கள். விடாமல் போனேன். ஏணை கட்டிய வளைகளைக் கண்டால் ஏசினேன். நான் ஏசிய தாயை அடுத்த கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் பெயர் சொல்லி ஏசினேன். கொஞ்ச நாளில் அதிசயம் நடந்தது. எந்தக் கொட்டிலுக்குள் தலையை நீட்டினாலும் பிள்ளை பாயில் கிடக்கும். பக்கத்தில் தாய் சம்மணமிட்டு, அட்டவணைப் படத்தில் இருப்பது போலவே மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பாள். சுகந்தியும் அப்படித்தான். என் பகுதியை மாதிரிப் பகுதி என்று காரியாலயத்தில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கவலையாக இருந்தது. முகாமில் இருமல் அதிகம். நான் உள்ளே நுழைந்தால் முதல் கொட்டிலில் தொடங்கும். வரிசை வரிசையாகக் கடைசி வரை இருமிக்கொண்டு போகும். ஈரத் தரையாக்கும் என்று நினைத்து, இருமல் மருந்து கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன்.

மாரி தொடங்கியது. மைதானத்தில் வெள்ளம் நின்றது. கிணற்றுத் தண்ணீரும் மலசலகூடத் தண்ணீரும் ஒன்றையொன்று சந்தித்துப் பேசின. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கற்றுகளோடு ஓடித்திரிந்தேன். சுகந்தியின் பிள்ளைக்கும் தொடங்கியிருந்தது. நான் போன நேரம் அவன் பாயில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தான்.

“மிசி, குடிச்சதெல்லாம் போகுது. நெடுகப் பால் கேட்டு அழுறான். தூக்கினாத்தான் அடங்குறான். நித்திரைக்கும் நேரமில்ல, முழிப்புக்கும் நேரமில்ல.”

நான் சொன்ன பதிலை இருபது தரம் மனதுக்குள் திருத்தி எழுதியிருக்கிறேன். சொன்னது இதுதான்:

“பக்கற்றக் கரைச்சுக் குடு. ஆனா நேர ஒழுங்க மட்டும் விட்டிராத. வருத்தம் எண்டு இப்ப மடியில எடுத்தா பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்.”

பட்ட பாடு யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

கடல் வந்த நாளின் ஆண்டு நினைவு நெருங்கியது. படம்பிடிப்பவர்கள் வந்தார்கள். கடலைப் பிடித்தார்கள், உடைந்த வீடுகளைப் பிடித்தார்கள், அழக்கூடியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் ஆலோசகர் மட்டும் சந்தோஷமான படம் ஒன்று வேண்டும் என்றார். மாதிரிப் பகுதியின் மாதிரிப் பிள்ளை. நான் தயங்கவில்லை, நேராகச் சுகந்தியின் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தூறலில் சிவப்புக் குடையை விரித்து முன்னால் நான். பின்னால் ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர், படப்பெட்டிக்காரர். இரு பக்கமும் வழக்கம்போல இருமல்.

பிள்ளை பாயில் கிடந்தான். கையிரண்டும் பக்கத்தில், வாய் கொஞ்சம் திறந்து, அட்டவணைப் படம் தோற்றுப்போகும்படி.

“விடியப்புறத்தில இருந்து நல்ல நித்திர மிசி” என்றாள் சுகந்தி. “அழுகையும் இல்ல. வயித்தாலயும் போகல்ல.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்மணி: “எழுப்பிராதீங்க! நேத்தெல்லாம் கத்தின புள்ள. நித்திர கொண்டு எழும்பினா எல்லாம் பறந்திரும்.”

படப்பெட்டிக்காரர் குந்தினார், எழும்பினார், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கோணம் சரிவரவில்லை. படப்பெட்டியை நிறுத்தும் முக்காலி ஒன்றை உள்ளே கொண்டுவரப் பார்த்தார். அது சறுக்கித் தகரச் சுவரில் அடித்து விழுந்தது. முழு வரிசையும் நடுங்கிய சத்தம். நான் துள்ளினேன். ஆலோசகர் நெஞ்சில் கை வைத்தார். கண்மணி ஏதோ சொன்னாள். அதை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை. பிள்ளை அசையவில்லை.

ஆலோசகர் புன்னகைத்தார். மொழிபெயர்ப்பாளர் அதே மென்மையில் சொன்னார்: “பாருங்கள், ஒழுங்குக்குப் பழகிய குழந்தை எந்தச் சத்தத்துக்கும் விழிக்காது.”

நான் தலையாட்டத் தொடங்கினேன். உண்மையாகவே தொடங்கினேன். தலை கீழே போய் மேலே வருவதற்குள் மனதில் எங்கேயோ இடித்தது. பழகாத நான் துள்ளினேன். பழகிய ஆலோசகர் துள்ளினார். வயிற்றோட்டக்காரப் பிள்ளை ஒன்று மட்டும் இமை கூட ஆட்டாமல் கிடக்கிறது.

சோர்ந்து மயங்கிக் கிடந்தால் அது ஆபத்தின் அறிகுறி என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் பரீட்சைத் தாளில் பிள்ளை நமக்குப் பெருமை தேடித் தரும் பிள்ளையாக இருப்பதில்லை. குந்தி அவன் உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. பலமாகச் சுண்டினேன். உதடு காய்ந்து கிடந்தது. இமை முழுதாக மூடவில்லை. நடுவில் வெள்ளை தெரிந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியபடியே நின்று, பிறகு யோசித்து யோசித்துப் படிந்தது.

“ஒரே ஒரு படம்” என்றார் படப்பெட்டிக்காரர். “தயவுசெய்து எழுப்ப வேண்டாம்.”

நான் பிள்ளையைத் தூக்கினேன். கழுத்து என் முழங்கையில் தொங்கியது.

“சுகந்தி, கடைசியா எப்ப பால் குடிச்ச?”

“விடியப்புறம்… மிசி, என்ன?”

“மூத்திரம் பெய்தானா?”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நித்திரதானே மிசி? நித்திர எண்டு சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. நித்திரையைப் பற்றி அன்று வரைக்கும் எவ்வளவு பேசியிருப்பேன்! அவளுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு சொல் என்னிடம் இல்லை.

வாசலில் நிறுவனத்தின் ஜீப் நின்றது. சாரதி கதவை மறித்தார். “பயனாளிகள ஏத்தக்கூடா எண்டு ஓடர் மிசி. பிறகு என்ட வேல போயிரும்.”

“நான் பயனாளி இல்ல. என்ன ஏத்து.”

“கையில இரிக்கிறது?”

“என்ட பை. வண்டிய எடு.”

ஆலோசகரைப் பற்றி இவ்வளவு ஏளனமாகச் சொன்ன நான் இதையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் பின்கதவைத் திறந்தவர் அவர்தான். சுகந்தியை இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே ஏற்றிவிட்டு, தான் கீழேயே நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்தபோது நான் எறிந்துவிட்டு வந்த சிவப்புக் குடையைப் பிடித்தபடி மழையில் நின்றார். முகத்தில் அந்த மென்மை இருக்கவில்லை. முதன்முதலாக அவரை எனக்குப் பிடித்தது.

வழி நெடுக நான் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே போனேன். சுகந்தி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. “மூத்தவளையும் கையில வெச்சிருக்கக்குள்ளதான்” என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். 

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்ட்டில் கடமையில் நின்ற தாதி யார் என்றால், செயலமர்வில் என் எச்சிலைத் தாங்கிய தோளின் சொந்தக்காரி. பிள்ளையைக் கண்டதும் என்னோடு கதைக்கவில்லை. டொக்டரைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக நரம்பு தேடினார்கள். தண்ணீர் வற்றிய பிள்ளையின் நரம்பு நூலாய்ச் சுருங்கி ஒளிந்துகொள்ளும். கையில் தேடி, காலில் தேடி, கடைசியில் தலையில் பிடித்தார்கள். ஊசி குத்தும்போதும் அவன் கத்தவில்லை. சேலைன் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இத நித்திர எண்டு ஆரு சொன்ன?”

“நான்தான்.”

“ஓம், நீதானே அதுக்குச் சான்றிதழ் எடுத்தவ.”

ரோஷம் வருவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. “அண்டைக்கு மத்தியானம், சுகவீனம் எண்டு ஒரு பகுதி இருந்ததே, அதில என்ன கா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“எனக்கெப்பிடித் தெரியும்? உன்ட தல என்ட தோள்ள. என்ட தல சுவரில.”

இன்றைக்கும் அதில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று மண்டபத்தில் இருந்த பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கோழிக்கறி நன்றாக இருந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

பின்னேரம் மழை விட்ட நேரம், பிள்ளை புருவத்தைச் சுருக்கினான். வாயைக் கோணலாக்கினான். பிறகு கத்தினான். முதலில் பழைய கதவு திறப்பது போல ஒரு கீச்சு. அப்புறம் முழுக்குரல். அடுத்த கட்டிலில் அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளை எழும்பியது. அதைக் கேட்டு அதற்கடுத்தது. வார்ட் முழுக்க ஒப்பாரி. தாய்மார் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்கள். சுகந்தி அவனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, சேலைன் குழாயும் அவளுமாக ஆடினாள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஆட்டக்கூடாது என்று அட்டவணையில் நாலாவதாக இருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தேன்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் போனால் வார்ட்டில் தாதி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“வா, வந்து உன்ட வேலையப் பார். அந்தப் புள்ள உயிர் தப்பிற்று. ஆனா தாய் அத நித்திர கொள்ள விடுறாளில்ல.”

பார்த்தேன். பிள்ளை பால் குடித்து, கண் செருகி, நல்ல நித்திரைக்குப் போனான். சுகந்தி குனிந்து அவன் உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் திடுக்கிட்டு அழுதான். தேற்றினாள். மறுபடி கண் செருகியது. மறுபடி சுண்டினாள். ஜீப்பில் நான் செய்ததைப் பார்த்துப் பழகியிருந்தாள். நான் இத்தனை மாதம் படிப்பித்ததில் அவள் மனதார ஏற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான்.

வழக்கமான நானாக இருந்தால் ஏசியிருப்பேன். அல்லது, வருத்தத்தில் இருந்து தேறும் பிள்ளைக்கு நித்திரை எவ்வளவு அவசியம் என்று விளக்கியிருப்பேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் கண்ணுக்கு மூடிய இமையெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“காலச் சுண்டாத. இஞ்ச பார், காத மெதுவாத் தொடு.”

தொட்டாள். பிள்ளை மூஞ்சியைச் சுளித்து, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

“கோவம் வருதா?”

“வருது மிசி.”

“கோவிச்சா நித்திர. கோவிக்காம அப்பிடியே கிடந்தா, என்னையும் பாக்காத, தாதியையும் பாக்காத, கத்திக்கிட்டு ஓடி வா.”

அவள் மறுபடி காதைத் தொட்டாள். மறுபடி சுளிப்பு. முதன்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “அப்பனப் போலதான் கோவம்” என்றாள்.

“எங்க கிடத்திற மிசி? மடியிலயா, கட்டில்லயா?”

“மடியில.”

“அட்டவணை?”

“அத மழை கொண்டு போயிற்று.”

அன்று பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். அவள் காதைத் தொடும் இடைவெளி மெல்ல மெல்ல நீண்டது. பிறகு, அவனை மடியில் வைத்தபடியே, சுவரில் சாய்ந்து அவள் நித்திரையானாள். வாய் திறந்து, கௌரவமில்லாமல், என்னைப் போல. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த நித்திரை வேலை அது ஒன்றுதான்: சும்மா இருந்தது.

ஆகவே, தங்கச்சிமாரே, வருத்தக்காரப் பிள்ளை உள்ள வீட்டுக்குப் போகும்போது மணிக்கூட்டை வாசலில் கழற்றி வையுங்கள். கேட்ட நேரம் பால். கேட்ட இடத்தில் நித்திரை. மடி என்றால் மடி. பழக்கம் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், கெடட்டும். சுகமான பிறகு மெல்ல மெல்லத் திருத்த அவனுக்கும் காலம் இருக்கிறது, தாய்க்கும் இருக்கிறது. அழுத பிள்ளை திடீரென்று ‘நல்ல பிள்ளை’ ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்படாதீர்கள். போய்க் கோபப்படுத்திப் பாருங்கள்.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முகாமுக்குத் திரும்பி அட்டவணைகளையெல்லாம் கிழித்தேன். கண்மணி அவற்றை வாங்கிக் கருவாடு சுற்றி விற்றாள். அந்தத் தாள்கள் பொதுமக்களுக்குச் செய்த ஒரே சேவை அது. சில மாதங்கள் கழித்து நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தது, பளபளப்பான தாளில். அட்டையில் எங்கள் பிள்ளை. நான் தூக்குவதற்கு முந்திய கணத்தில் அந்த மனிதர் ஒரு படம் எடுத்தே விட்டிருக்கிறார். மயங்கிச் சாகக் கிடந்தவனுக்குக் கீழே ‘நிம்மதியான நித்திரை’ என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு காரியாலயச் சுவரில் அது இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். நல்லெண்ணம் உள்ளவர்கள் அதன் கீழே நின்று தேநீர் குடிப்பார்கள்.

பிறகு வேறு காலம் வந்தது. கடல் துரத்திய சனத்துக்கு வீடு கட்டி முடிவதற்குள், யுத்தத்தில் ஷெல் குண்டு துரத்திய சனம் வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்து அதே மாதிரித் தறப்பாள்களுக்குக் கீழே இருந்தது. எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. சுகந்தியின் புருஷன் கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று, கிழக்கில் சண்டை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வவுணதீவுப் பக்கம் அவளுடைய தகப்பனின் வயல் வட்டைக்கு விதைக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. சோதனைச் சாவடியைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். யுத்தம் முடிந்து, இறங்கி வரிசையில் நிற்காமல் வாவிப் பாலத்தைக் கடக்கலாம் என்றான பிறகு, அந்தச் சாட்டும் போய்விட்டது.

நான் போனது நெல் வெட்டு நடந்த காலம். களத்தில் வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்திருந்தார்கள். சுகந்தி கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவள் பொடியன் சோற்றுக்கும் நிற்காமல் பந்தோடு ஓடினான். பின்னால் இருந்து அவன் காதைப் பார்த்தேன். தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. நிச்சயம் கோபித்திருப்பான்.

தேத்தண்ணி வந்தது. இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“சுகந்தி, நான் சொன்னதக் கேட்டுத்தானே நீ அவன மடியில இருந்து இறக்கின. நான் அண்டைக்கு அந்தக் கத கதைக்காட்டி, அவன் அவ்வளவுக்குப் போயிருக்க மாட்டான்.”

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “ஆரு இறக்கின?”

“நீதான். பாயில.”

சுகந்தி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. “அய்யோ மிசி! உங்கட சிவப்புக் குடை வாசல்ல தெரிஞ்சா முதல் கொட்டில் இருமும். அதக் கேட்டு அடுத்த கொட்டில் இருமும். கண்மணி அக்கா இருமினா எனக்குத் தெரியும், நீங்க கிட்ட வந்திட்டீங்க எண்டு. ஏணைய அவிட்டு, புள்ளையப் பாயில கிடத்தி, தட்டத் தொடங்கிருவன். நீங்க அங்கால போனா மறுகா ஏணையக் கட்டுவம். முகாம் முழுக்க அப்பிடித்தான்.”

இருமல் மருந்து கேட்டு எழுதியவள் நான். மருந்து வந்தும் இருந்தது. வீடு வீடாகக் கொடுத்தேன்.

“அண்டைக்கும் அப்பிடியா?” என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அண்டைக்கும்தான். இருமல் கேட்டு அவசரப்பட்டு ஏணையில இருந்து தூக்கிக் கிடத்தினன். எப்பவும் நித்திரையில ஏணைய விட்டு எடுத்தா வீரிட்டுக் கத்துறவன். அண்டைக்குக் கத்தல்ல. நல்ல வேள, ஆக்கள் வாற நேரம் எழும்பல்ல, மிசிட்டப் பிடிபடாமத் தப்பிற்றன் எண்டு சந்தோசப்பட்டன்.”

தகரத்தில் அந்தச் சத்தம் விழுவதற்கு முன்னாலேயே, ஆலோசகரும் நானும் உள்ளே வருவதற்கு முன்னாலேயே, பிள்ளை எழும்பாததை அவள் கண்டிருக்கிறாள். பயப்பட வேண்டிய இடத்தில் அவள் நிம்மதிப்பட்டிருக்கிறாள். ஏனென்றால் அந்த நேரம் அவள் பயந்தது வருத்தத்துக்கு அல்ல, எனக்கு. என் புத்திமதி ஒரு கேடும் செய்யவில்லை. என் குடை செய்தது. நீங்கள் ஒரு வரிசைக்குள் நுழையும்போது கொட்டில்கள் இருமினால், தயவுசெய்து மருந்துக்கு எழுத வேண்டாம். நின்று, யாரைக் கண்டு இருமுகிறார்கள் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் அன்று சுகந்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கிட்ட வந்து இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தாள், அட்டவணைப் படத்தில் இருப்பது போலவே மெதுவாக.

“இதுக்கா மிசி இவ்வளவு காலமும் மனசப் போட்டு அலட்டின? உங்கட கதைய அங்க ஒருத்தரும் கேக்கல்லயே.”